வெஸ்லி பிற்பாடு சேர்த்த அடிக்குறிப்புகள்

1736 பிப்ரவரியில், வட அமெரிக்காவின் ஜார்ஜியாக் குடியேற்றத்தில், கப்பலைவிட்டு இறங்கி ஓரிரு நாளே ஆகியிருந்த 32 வயது ஆங்கிலப் பாதிரியார் ஒருவர், ஸ்பாங்கன்பெர்க் என்ற ஜெர்மானிய மொரேவிய சபைத் தலைவரிடம் ஆலோசனை கேட்கப் போனார். ஆலோசனைக்கு முன்னால் வந்தவை கேள்விகள். இயேசு கிறிஸ்துவை உமக்குத் தெரியுமா என்றார் ஜெர்மானியர். அவர் உலகத்தின் இரட்சகர் என்று தெரியும் என்றார் பாதிரியார். அது சரி, உம்மை இரட்சித்திருக்கிறார் என்று தெரியுமா என்று அடுத்த கேள்வி விழுந்தது. என்னை இரட்சிக்கத்தான் மரித்தார் என நம்புகிறேன் என்று பாதிரியார் மழுப்பினார். ஸ்பாங்கன்பெர்க் விடவில்லை, உம்மையே உமக்குத் தெரியுமா என்றார். தெரியும் என்று சொல்லிவிட்டு வந்து, அது வெறும் வாய்ப்பேச்சாக இருக்குமோ என்ற அச்சத்தைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார் அந்தப் பாதிரியார், ஜான் வெஸ்லி.

தமிழ்நாட்டிலோ ஈழத்திலோ கன்வென்ஷன் பந்தலில் ஒருமுறை உட்கார்ந்தவருக்கு இந்த உரையாடல் புதிதாக இராது. இரட்சிப்பின் நிச்சயம் உண்டா என்று மேடையிலிருந்து கேட்பார்கள். உண்டு என்பவர்கள் கையைத் தூக்கவேண்டும். தூக்காதவர் பாடு தர்மசங்கடம். தூக்கியவரில் எத்தனை பேர் வெஸ்லியைப் போல வீட்டுக்குப் போய் யோசித்தார்கள் என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

வெஸ்லி வேதம் தெரியாதவர் அல்லர். ஆக்ஸ்போர்டின் லிங்கன் கல்லூரியில் பதவி வகித்தவர்; கிரேக்க மூலத்தில் புதிய ஏற்பாட்டைப் படிப்பவர்; சிறைக் கைதிகளைப் போய்ப் பார்ப்பதும் உபவாசம் இருப்பதுமாக ஒரு சிறு குழுவை நடத்தி, சக மாணவர்களின் கேலியை வாங்கிக் கட்டிக்கொண்டவர். ஜார்ஜியாவுக்கு வரும் வழியில், ஜனவரி 25ஆம் தேதி, அட்லாண்டிக் புயலில் கப்பலின் பாய் கிழிந்து கடல்நீர் தளங்களுக்குள் கொட்டியது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். மொரேவியர்கள் பாடிக்கொண்டிருந்த சங்கீதத்தை நிறுத்தவில்லை. பயமாக இல்லையா என்று பிறகு அவர் விசாரித்தபோது, எங்கள் பெண்களும் பிள்ளைகளும்கூடச் சாவுக்கு அஞ்சுவதில்லை என்று பதில் வந்தது. தமக்குத் தெரிந்த அத்தனையும் தம்மிடம் இருந்தும், அவர்களிடம் இருந்த ஒன்று தம்மிடம் இல்லை என்று அவருக்கு அன்றே பட்டுவிட்டது.

ஆனால் கிறிஸ்தவ வரலாற்றின் பெரும்பகுதியில் ஸ்பாங்கன்பெர்க் கேட்ட அந்தக் கேள்வியே கேட்கத் தகாத கேள்வியாக இருந்தது. 1431 பிப்ரவரியில் ரூவான் நகரில் ஜோன் ஆஃப் ஆர்க்கை விசாரித்தவர்கள், நீ தேவனுடைய கிருபையில் இருக்கிறாயா என்று அவளைக் கேட்டார்கள். இருக்கிறேன் என்றால் அகந்தை, ஏனெனில் தனி வெளிப்பாடு இல்லாமல் எந்த மனிதனும் அதை அறிய முடியாது என்பது அன்றைய திருச்சபையின் போதனை. இல்லை என்றால் தன் வாயாலேயே தன்னைக் குற்றவாளியாக்கிக்கொள்வாள். ஏறத்தாழ 19 வயதான, எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண், இல்லையென்றால் தேவன் என்னை அதில் சேர்க்கட்டும், இருந்தால் அதிலேயே காக்கட்டும் என்ற பொருளில் பதில் சொன்னாள். விசாரித்தவர்களே வாயடைத்துப் போனார்களாம். இந்தப் பொருளில் இதைவிடச் செம்மையான விடையைப் பெரிய இறையியலாளர்களிடமும் காண்பது அரிது.

அடுத்த நூற்றாண்டில் லூத்தர் இதைத் தலைகீழாகப் புரட்டினார். கிறிஸ்து பொதுவாக மனிதருக்காக மரித்தார் என்று ஒப்புக்கொள்வது பிசாசுக்கும் முடியும். எனக்காக மரித்தார் என்று பற்றிக்கொள்வதே விசுவாசம் என்றார். 1547இல் கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம் இதற்கு எதிராகத் தீர்மானம் இயற்றி, பிழைக்கு இடமில்லாத உறுதியோடு தன் நிலையை அறிந்ததாக எவரும் சொல்லலாகாது என்றது. கால்வின் லூத்தர் பக்கம். விசுவாசத்தை உறுதியான அறிவு என்றே அவர் வரையறுத்தார். அதே நூலில் சில பக்கங்கள் தள்ளி, சந்தேகம் துளியும் கலவாத உறுதியை எந்த விசுவாசியிடமும் காணமுடியாது என்றும் எழுதினார். இரண்டும் எப்படிப் பொருந்தும்? சீர்திருத்த சபைகள் இந்த முடிச்சோடு நூறு ஆண்டு போராடின. கடைசியில் 1640களில் லண்டனில் கூடிய வெஸ்ட்மின்ஸ்டர் பேரவை, விசுவாசம் வேறு, நிச்சயம் வேறு என்று பிரித்துவைத்தது: உண்மையான விசுவாசிகூட நிச்சயத்துக்காக நெடுங்காலம் காத்திருக்க நேரலாம்.

அந்தக் காத்திருப்பு சிலருக்கு முடியவே இல்லை. கவிஞர் வில்லியம் கூப்பர் 1773இல் கண்ட ஒரு கனவால் தாம் தேவனால் கைவிடப்பட்டவர் என்று முடிவுகட்டினார். பின்னர் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. 1800இல் அந்த எண்ணத்தோடேயே இறந்தார். அவர் எழுதிய பாடல்கள் 1779இல் ஜான் நியூட்டனின் பாடல்களோடு சேர்ந்து நூலாக வெளிவந்தன. அவற்றைப் பாடித் தேறுதல் அடைந்தவர்களுக்குக் கணக்கில்லை. ஆறுதல் எழுதியவருக்கு மட்டும் கிட்டவில்லை.

ஸ்பாங்கன்பெர்க்கின் கேள்வி வளர்ந்த வீடு ஜெர்மனியின் பக்திமார்க்க இயக்கம். 1687இல் லூனபெர்க் நகரில் ஃபிராங்கே என்ற 24 வயது இறையியல் மாணவர் ஒரு பிரசங்கத்துக்குத் தயாரித்துக்கொண்டிருந்தார். எடுத்துக்கொண்ட வசனம் யோவான் சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தில், நீங்கள் விசுவாசிக்கும்படி இவை எழுதப்பட்டிருக்கின்றன என்று வரும் இடம். விசுவாசத்தைப் பற்றிப் பேசப்போகிறவர் தம்மிடம் அது இருக்கிறதா என்று தேடினார், இல்லை. வேதம் தேவனுடைய வார்த்தை என்றால், துருக்கியரும் தங்கள் குர்ஆனைப் பற்றி அப்படித்தானே சொல்கிறார்கள், யார் சொல்வது சரி என்று எங்கே போய்க் கேட்பது? தேவனே இல்லையோ என்னும் எல்லைவரை போய்விட்டார். பிரசங்கம் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தபடி, இருக்கிறாரா என்றே தெரியாத தேவனை நோக்கி முழங்காலிட்டார். எழுந்தபோது சந்தேகம் போயிருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். வாதத்தால் விடை கிடைத்ததாக அவர் சொல்லவில்லை. கேள்விகள் தீர்ந்தன என்பதைவிடக் கேட்டவர் மாறினார் என்பதே அவருடைய விவரிப்பின் சாரம். நம்பாதவருக்கு இது எதையும் நிரூபிக்காது. நிரூபிப்பதாக ஃபிராங்கேயும் நினைக்கவில்லை.

அந்த ஃபிராங்கே ஹாலே நகரில் உருவாக்கிய மாணவர்கள் சீகன்பால்கும் புளூட்சோவும். 1706 ஜூலையில் தரங்கம்பாடிக் கரையில் இறங்கியவர்கள் இவர்களே. அங்கிருந்து போன கடிதங்கள் லண்டனில் ஆங்கிலத்தில் அச்சாயின. 1712வாக்கில் அந்தப் புத்தகம் எப்வொர்த் என்ற ஆங்கிலக் கிராமத்துப் பாதிரியார் வீட்டுக்கு வந்தது. வீட்டுத்தலைவி சூசன்னா அதை வாசித்துவிட்டுப் பல நாள் வேறு நினைப்பில்லாமல் இருந்தார். பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவரோடும் வாரத்தில் ஒரு மாலை தனியே உட்கார்ந்து ஆத்தும காரியங்களைப் பேசுவது என்று முறை வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை மாலை எட்டு வயது ஜானுக்கு உரியது. தரங்கம்பாடித் தமிழர்களிடையே நடந்தவற்றைப் படித்த தாயின் மகன்தான், பிற்பாடு அதே ஹாலே வழிவந்த ஸ்பாங்கன்பெர்க்கின் முன்னால் தடுமாறி நின்றார்.

ஜார்ஜியா ஊழியம் தோல்வியில் முடிந்து 1738 பிப்ரவரியில் வெஸ்லி இங்கிலாந்து திரும்பினார். பீட்டர் போலர் என்ற இன்னொரு மொரேவியரிடம், விசுவாசம் இல்லாத நான் பிரசங்கத்தை விட்டுவிடட்டுமா என்று கேட்டார். விசுவாசம் வரும்வரை அதைப் பிரசங்கியும், வந்தபின் வந்ததனால் பிரசங்கிப்பீர் என்பது போலருடைய யோசனை. கேட்க வினோதமாக இருந்தாலும் வெஸ்லி அப்படியே செய்தார். மே 24ஆம் தேதி மாலை மனமில்லாமல் லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்துக்குப் போனார். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். மணி எட்டே முக்கால் இருக்கும்போது தம் இருதயம் விந்தையாக அனல்கொண்டதாகவும், தம் பாவங்களை, தம்முடையவற்றையே, கிறிஸ்து நீக்கினார் என்ற நிச்சயம் அருளப்பட்டதாகவும் குறித்துக்கொண்டார்.

மெதடிஸ்ட் சபைகளின் பிரசங்கங்களில் கதை பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடும். சுவையான பகுதி இதற்குப் பிறகுதான் இருக்கிறது.

1739 ஜனவரி 4ஆம் தேதி, ஆல்டர்ஸ்கேட் நடந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. இப்போதும் நான் கிறிஸ்தவன் அல்லன் என்று வெஸ்லி எழுதுகிறார். அந்த ஆகஸ்டில் பிரிஸ்டல் பிஷப் ஜோசப் பட்லர் அவரை அழைத்து, பரிசுத்த ஆவியின் அசாதாரண வெளிப்பாடுகளை உரிமைகொண்டாடுவது மிகப் பயங்கரமான காரியம் என்று கண்டித்தார். பட்லருக்குப் பின்னால் தத்துவஞானி ஜான் லாக்கின் நிழல் இருந்தது. மனித அறிவைப் பற்றிய தம் நூலின் நான்காம் பதிப்பில், 1700இல், லாக் ஓர் அத்தியாயத்தைச் சேர்த்திருந்தார்: ஒருவன் எவ்வளவு ஆழமாக நம்புகிறான் என்பது, அவன் நம்புவது உண்மை என்பதற்குச் சான்றாகாது. இந்த வாதத்துக்கு இன்றுவரை வயதாகவில்லை.

மறுபக்கத்தில் மொரேவியர்களே வெஸ்லியை நெருக்கினார்கள். லண்டன் ஃபெட்டர் லேன் சங்கத்துக்கு வந்த மோல்தர் என்பவர், சந்தேகம் சிறிதேனும் இருந்தால் விசுவாசமே இல்லை, அது வரும்வரை நற்கருணையும் வேண்டாம், ஜெபக்கூட்டமும் வேண்டாம், சும்மா இரு என்று போதித்தார். வெஸ்லி மறுத்தார். விசுவாசத்தில் படிகள் உண்டு. தள்ளாடுகிறவனுக்குத்தானே நற்கருணை தேவை என்றார். 1740 ஜூலையில் சங்கத்தைவிட்டே வெளியேறினார். முழு நிச்சயம் இல்லாதவர்களுக்காகத் தம் ஆசான்களோடு பிணங்கிக்கொண்டார். ஆல்டர்ஸ்கேட் மாலையைவிட இந்த முடிவே அவருடைய இயக்கத்துக்கு உருவம் கொடுத்தது என்று சொன்னால் மெதடிஸ்டுகள் கோபித்துக்கொள்ளக்கூடும்.

இடையில் அவருடைய தாயார் வேறொரு செய்தி சொன்னார். 70 வயதில், மருமகன் கையால் நற்கருணைப் பாத்திரம் வாங்கியபோது, உனக்காகச் சிந்தப்பட்டது என்ற சொல் நெஞ்சைத் துளைத்துத் தம் பாவங்கள் மன்னிக்கப்பட்டதை அறிந்தாராம். அதுவரை, இப்போதே மன்னிப்பை அறியலாம் என்ற பேச்சைக்கூட அவர் அதிகம் கேட்டதில்லை. உங்கள் தகப்பனாருக்கு அந்த விசுவாசம் இருந்ததா என்று மகன் கேட்டார். நாற்பது ஆண்டுக்கு மேலாக அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆனால் ஒருநாளும் அதைப் பிரசங்கித்து நான் கேட்டதில்லை என்றார் தாய். அப்படியானால் வாழ்நாளெல்லாம் ஜெபித்து, பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, ஏறக்குறைய பாதிப் பேரைப் புதைத்து, மிஞ்சியவர்களை வேதத்தில் வளர்த்த சூசன்னா அதற்குமுன் அவிசுவாசியா? மோல்தரின் கணக்குப்படி ஆம். அந்தக் கணக்கைப் பிள்ளை ஏற்கமாட்டாதது இயல்பே.

லாக்குக்கும் பட்லருக்கும் வெஸ்லி தந்த விடை, ஆவியின் சாட்சி என்ற பிரசங்கத்தில் இருக்கிறது. 1746இல் ஒன்று, 1767இல் அதே தலைப்பில் இன்னொன்று. நிச்சயத்துக்குச் சாட்சிகள் இரண்டு என்றார். உள்ளே ஆவியானவர் தரும் சாட்சி ஒன்று. அன்பு, சாந்தம், பொறுமை என்று வாழ்க்கையில் தெரியும் கனி மற்றொன்று. கனி இல்லாத உணர்ச்சி ஏமாற்று. ஒரு சாட்சியை மற்றது சரிபார்க்கவேண்டும். பண்ணையாள்களும் சுரங்கத் தொழிலாளர்களும் நிறைந்த தம் வகுப்புக் கூட்டங்களில், வாரந்தோறும் ஒருவரையொருவர் விசாரித்தறியும் முறையை அவர் ஏற்படுத்தியதும் இதற்கு உதவியது.

தம்மை அந்த விசாரணைக்கு உட்படுத்திய விதம்தான் வியப்பு. 1766 ஜூன் 27ஆம் தேதி தம்பி சார்லஸுக்கு எழுதிய கடிதத்தில், நான் தேவனை நேசிக்கவில்லை, ஒருபோதும் நேசித்ததில்லை, கிறிஸ்தவ அர்த்தத்தில் விசுவாசித்ததும் இல்லை என்கிறார். சில வரிகளைச் சுருக்கெழுத்தில் மறைத்து எழுதியிருக்கிறார். வயது ஏறத்தாழ 63. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான மைல் குதிரையில் போய்ப் பிரசங்கிக்கும் நாட்கள் அவை. அதே கடிதத்தில், ஊழியத்தில் தம் ஆர்வம் குறையவில்லை, தம்மை ஏதோ ஒன்று உந்திச் செல்கிறது என்றும் சொல்கிறார். சோர்ந்த மாலையில் கொட்டிய வார்த்தை என்று இதை ஒதுக்குவோர் உண்டு. ஒதுக்கினாலும் கடிதம் இருக்கிறது. அவர் அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு பிரசங்கித்தார் என்பதும் இருக்கிறது.

1770களில் தம் நூல்களைத் தொகுத்து வெளியிட்டபோது, இளமைக்கால நாட்குறிப்பை அவர் அழிக்கவுமில்லை, திருத்தி எழுதவுமில்லை. அடிக்குறிப்பு போட்டார். பிறரை மனந்திருப்ப அமெரிக்கா போன நானே மனந்திரும்பாதவன் என்று 1738இல் எழுதிய இடத்துக்குக் கீழே, இது எனக்கு உறுதியில்லை என்று ஒரு குறிப்பு. கோபாக்கினையின் பிள்ளை என்று தம்மைச் சொல்லிக்கொண்ட இடத்தில், அப்படி நான் எண்ணவில்லை என்று இன்னொன்று. அப்போதும் தமக்கு விசுவாசம் இருந்தது, மகனுடையது அன்று, வேலைக்காரனுடையது என்று மற்றொன்று. பாவமன்னிப்பை அறியாதவர்கள் தேவகோபத்தின் கீழ் இருக்கிறார்கள் என்று தாமும் தம்பியும் அந்நாளில் ஊர் ஊராகச் சொன்னதற்கு, ஜனங்கள் எங்களைக் கல்லெறியாமல் விட்டது ஆச்சரியம் என்று முதுமையில் ஓர் இளம் ஊழியரிடம் அவர் சொன்னதாகவும் பதிவு இருக்கிறது. தாம் பெற்ற நிச்சயத்தை அவர் பொய் என்று சொல்லவில்லை. அதைப் பெறாதவர்மேல் தீர்ப்பெழுதும் உரிமையை மட்டும் கைவிட்டார்.

வெஸ்லி இறந்து 23 ஆண்டு கழித்து, 1814 ஜூனில், அவர் வழிவந்த மிஷனரிகள் இலங்கையின் காலித் துறைமுகத்தில் இறங்கினார்கள். யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் போனார்கள். அங்கேதான் நிச்சயம் குறித்த புராட்டஸ்டண்டு எண்ணங்களுக்கு மிகக் கடினமான சோதனை காத்திருந்தது. நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுகம், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புப் பணியில் ஆண்டுக்கணக்காகத் துணைநின்றார். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறியது. அக்காலத் தமிழ்க் கிறிஸ்தவர்களில் மிகச் சிலரே வேதத்தை அவரளவு சொல் சொல்லாக அறிந்திருப்பார்கள். வசனத்தை வாசித்தால் அதன் சத்தியம் தானே உள்ளத்தில் விளங்கும் என்பது கால்வின் காலத்திலிருந்து வரும் நம்பிக்கை. ஆறுமுக நாவலர் வாசித்தார், விளங்கிக்கொண்டார், 1848இல் வெளியேறிச் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1854இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்தில், சிவாலயக் கிரியைகளை ஏளனம் செய்கிறவர்களுக்கு, யூதர் ஆலயத்துத் தீபத்தையும் தூபத்தையும் பலியையும் அவர்களுடைய வேதத்திலிருந்தே எடுத்துக் காட்டினார்.

அறிந்தும் விசுவாசிக்காதவரை இருதயம் கடினப்பட்டவர் என்று சொல்லிவிட்டுப் போவது பிரசங்கியாருக்கு எளிது. நாவலரின் வாழ்க்கையை அறிந்தவருக்கு எளிதல்ல. அவரிடமும் நிச்சயம் இருந்தது, கனியும் இருந்தது. அது வேறு தோட்டம்.

பிற சமயத்தாரின் நிச்சயம் எழுப்பும் இந்தக் கேள்வியைக் காஞ்சிபுரத்தில் தரையில் உட்கார்ந்து எதிர்கொண்டவர் லெஸ்லி நியூபிகின். 1909இல் நியூகாசிலில் பிறந்து, 1936இல் ஸ்காட்லாந்து சபையின் மிஷனரியாகச் சென்னை மாகாணம் வந்தவர். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது 37 வயதில் மதுரை இராமநாதபுரம் பேராயர். 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயர். காஞ்சியில் இளம் மிஷனரியாக இருந்தபோது வாரம் ஒரு மாலை இராமகிருஷ்ண மடத்துக்குப் போய், துறவிகளோடு உபநிடதமும் சுவிசேஷமும் வாசித்தார். மடத்துக் கூடத்தில் மகான்களின் படங்களுக்கு நடுவே இயேசுவின் படமும் இருந்தது; கிறிஸ்துமஸ் அன்று அதற்கு வழிபாடும் நடந்தது. இது சுவிசேஷத்தின் வெற்றி என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. இந்து உலகப்பார்வைக்குள் இயேசு அலுங்காமல் அமர்த்தப்பட்டுவிட்டார், அந்தப் பார்வை சற்றும் கலையவில்லை என்று கண்டார். பிற்பாடு மெல்லத்தான் அவருக்கு மறுபாதி உறைத்தது: ஐரோப்பியக் கூடத்திலும் இயேசு அப்படியேதான் ஒரு மூலையில் மாட்டப்பட்டிருக்கிறார்.

1995இல் வெளிவந்த சிறு நூலில் அவர் இதைத் தத்துவஞானி டேக்கார்ட்டிடம் கொண்டுபோகிறார். சந்தேகிக்க முடியாததை மட்டுமே அறிவு என்று டேக்கார்ட் வரையறுத்த நாள் தொட்டு, கிறிஸ்தவர்கள் இரண்டு பொறிகளில் மாறிமாறி விழுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. வேதத்தின் ஒவ்வொரு எழுத்தையும் கணிதத்தைப் போல நிரூபிக்கப் புறப்படுகிறவர் ஒரு பக்கம். சமயம் என்பது அவரவர் மன அனுபவம், அதில் மெய் பொய் பேச இடமில்லை என்கிறவர் மறுபக்கம். இருவருமே டேக்கார்ட்டின் சீடர்கள். இதற்கு மாற்றாக நியூபிகின், வேதியியல் அறிஞர் மைக்கேல் போலானியைத் துணைக்கழைத்தார். ஹங்கேரியில் பிறந்து மான்செஸ்டரில் பணியாற்றிய போலானி 1958இல் வெளியிட்ட நூலில், ஆய்வகத்து அறிவும்கூட ஒருவர் தம்மையே பணயம் வைத்து எடுக்கும் முடிவு என்று வாதிட்டிருந்தார். தவறாகப் போகலாம் என்று தெரிந்தும் விஞ்ஞானி ஒரு கருதுகோளைப் பற்றி நின்று, உலகம் முழுவதற்கும் இது மெய் என்று பகிரங்கமாகச் சொல்கிறார், சோதிக்கவும் விடுகிறார். கிறிஸ்தவரின் உறுதியும் அந்த வகையே என்றார் நியூபிகின். தம் அறிவின் பலத்தில் அன்றி, தம்மை அழைத்தவர்மேல் வைத்த பற்றில் நிற்கும் உறுதி அது.

2007இல் அன்னை தெரசாவின் கடிதங்கள் வெளிவந்தன. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அவர் உள்ளத்தில் தேவனுடைய பிரசன்னம் என்ற உணர்வே இல்லாதிருந்தது என்று உலகம் அறிந்தது. இது நாத்திகத்தின் ஒப்புதல் என்று சிலர் எழுதினார்கள். உணர்ச்சியையே நிச்சயத்தின் அளவுகோலாக எடுத்துக்கொண்டால் மட்டுமே அந்த முடிவு நிற்கும். நியூபிகின் வழியில் பார்த்தால் அந்தக் கடிதங்களில் முரண்பாடு ஏதுமில்லை. 2016இல் அவரைப் புனிதராக அறிவித்த திருச்சபையும் அப்படித்தான் பார்த்தது.

ஆயினும் நியூபிகினின் விடையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பகிரங்கமாகச் சொல், வாழ்ந்து காட்டு, சோதனைக்கு விடு என்கிறாரே, நாவலரும் அதைத்தான் செய்தார். வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கித்தார், அச்சகம் நிறுவினார், பள்ளிகள் கட்டினார், எதிர்வாதம் செய்ய எவரையும் அழைத்தார். பேர்சிவலுக்கும் அவருக்கும் நடுவே இந்த அளவுகோல் தீர்ப்புச் சொல்லாது. நியூபிகினிடம் இதைக் கேட்டிருந்தால் மறுத்திருக்கமாட்டார். யார் சொல்வது மெய் என்பது வரலாறு முடியும்போதுதான் எல்லாருக்கும் வெளிப்படும், அதுவரை சாட்சி சொல்வதே தம் வேலை, தீர்ப்பளிப்பது அன்று என்பது அவர் திரும்பத் திரும்ப எழுதிய நிலைப்பாடு. காஞ்சித் துறவிகள் அதை ஏற்றார்களா என்றால், ஏற்கவில்லை. அவரும் அடுத்த வாரம் மடத்துக்குப் போவதை நிறுத்தவில்லை.